ஜூன் முதல் தேதியில் பிறக்காத தம்பி

1967 ஆவணியில், அமெரிக்காவில் குடியேறி வேலை பார்ப்பதற்கான நேர்காணலுக்கு வரும்படி என் தம்பிக்குச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. பிற்பாடு எல்லோரும் கிரீன் கார்டு என்று சொல்லிப் பழகிய சங்கதிதான். அப்போது எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவர் யாருமில்லை. இலுப்பூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் மலேயா போனவர்கள் உண்டு, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் உண்டு. அமெரிக்கா போனவர் ஒருவரும் இல்லை.

தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியர். சென்னைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவனுடைய படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து அமெரிக்கக் கம்பெனி ஒன்று எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. நேர்காணலுக்கு வேண்டிய காகிதங்களைத் திரட்டுவது என் பொறுப்பாயிற்று. நான் புதுக்கோட்டையில் சர்க்கார் குமாஸ்தா. கண்மாய் உடைந்தது எந்த வருஷம், ஊருக்கு முதல் பஸ் வந்தது எந்த மாதம் என்று வீட்டில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள்.

படிப்புச் சான்று, போலீஸ் சான்று எல்லாம் கிடைத்துவிட்டன. பிறப்புச் சான்றுதான் கிடைக்கவில்லை. தம்பி பிறந்தது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில். தாலுகா ஆபீஸில் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படியொரு பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பதிவு இல்லாதவர்கள், பிறந்த சமயத்தில் உடனிருந்த மூத்த உறவினர் ஒருவரின் சத்தியப் பிரமாணப் பத்திரத்தைக் கொண்டுபோக வேண்டும். அது இல்லாமல் விசா இல்லை.

"நீங்க அண்ணன்தானே, நீங்களே கையெழுத்துப் போடலாமே" என்றார் நான் போய்ப் பார்த்த வக்கீல். என் பள்ளிச் சான்றை எடுத்துக் கொடுத்தேன். அதையும் தம்பியுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏங்க, நீங்க பொறந்தது ஜனவரி ஒண்ணு. தம்பி அதே வருஷம் ஜூன் ஒண்ணு. ஒங்க ஆத்தா என்ன, அஞ்சு மாசத்துக்கு ஒரு புள்ளையா பெத்தாங்க?"

எங்களுக்குள் உண்மையில் மூன்று வருஷ வித்தியாசம். தனியாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நான் அழுததால், தம்பி கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருந்து இருவரையும் ஒரே நாளில் சேர்த்தார் அப்பா. அன்றோடு தம்பிக்கு ஐந்து வயது நிறையும்படி தலைமையாசிரியர் ஒரு தேதியைப் போட்டார். எனக்கு அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று. வயது குறைவாக இருந்தால் சர்க்கார் வேலையில் கூடுதல் வருஷம் இருக்கலாம் என்பது அவருடைய நல்லெண்ணம். எங்கள் வகுப்பில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் ஏராளம்.

ஆகவே காகிதப்படி ஐந்து மாதமே மூத்த நான் சாட்சி சொல்ல முடியாது. அப்பா காலமாகிவிட்டார். மிஞ்சியது ஆத்தா. பாஸ்போர்ட்டிலும் ஜூன் முதல் தேதியே இருந்தது. அதையே எழுதி ஆத்தாவிடம் கைநாட்டு வாங்கிவிட்டால் கேள்வி எழாது என்றார் வக்கீல். தம்பியும் லீவில் வந்திருந்தான். ஆத்தாவை பஸ்ஸில் அழைத்து வந்தோம். வக்கீல் பத்திரத்தை வாசித்தார்.

"ஜூன்னா என்ன மாசம்?" என்று கேட்டாள் ஆத்தா.

"வைகாசி" என்றேன்.

"இவன் மார்கழித் திருவாதிரைக்குப் பொறந்தவன்ல? கோயில்ல மேளம் கேக்குது, இங்கிட்டு இவன் அழுகுறான். வைகாசின்னு நான் எப்புடிச் சத்தியம் பண்றது?"

"பேப்பர்ல மட்டுந்தான் ஆத்தா" என்றான் தம்பி.

"பேப்பர்ல மட்டும்னா நீயே வச்சுக்க. என் கை எதுக்கு?"

வக்கீல் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. "அண்ணே, நீ சொல்லுண்ணே. நீ சொன்னாக் கேக்கும்" என்று என்னிடம் முணுமுணுத்தான். நான் என்ன சொல்வது? பழைய பஞ்சாங்கத்தை வைத்து நான் முன்பே கணக்குப் பார்த்திருந்தேன். அது டிசம்பர் கடைசி வாரம். ஆத்தா சொன்னதுதான் சரி. ஆனால் பத்திரத்தில் ஒரு தேதியும் பாஸ்போர்ட்டில் ஒரு தேதியுமாகக் கொண்டுபோனால், இது வேறு ஆளோ என்று அதிகாரி சந்தேகப்பட்டு நிராகரித்துவிடலாம்.

வெளியே காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். ஆத்தா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"நான் கைநாட்டு வச்சா இவன் போயிருவான்ல?"

"போயிருவான்."

"வைக்கலைன்னா?"

"போக முடியாது."

காப்பியைக் குடித்து முடித்தாள். "போகட்டும். மார்கழியில பொறந்தவனாப் போகட்டும்" என்று எழுந்தாள்.

வக்கீல் பத்திரத்தைத் திருத்தி எழுதினார். பிறந்தது மார்கழித் திருவாதிரை, அதற்கு இங்கிலீஷ் தேதி இன்னது, பள்ளியில் உள்ள தேதி சேர்க்கைக்காகத் தலைமையாசிரியர் போட்டது, இரண்டும் ஒரே ஆளைக் குறிப்பவை. ஆத்தா கைநாட்டு வைத்தாள். இனி அந்த இரண்டு தேதிகளுக்கும் தம்பிதான் வாயால் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

அதன்பிறகு அவன் ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதிகாரியாக உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வி கேட்டேன். வேலையைப் பற்றிக் கேட்டால் தடங்கலில்லாமல் சொல்வான். பிறந்த தேதிக்கு வந்தால் சமஸ்தானத்தில் ஆரம்பித்துத் திருவாதிரைக் களி வரைக்கும் போய்விடுவான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடா."

"நீ கேக்குறதே மெரட்டுற மாதிரி இருக்குண்ணே. வெள்ளக்காரன்கூட இம்புட்டு மொறைக்க மாட்டான்."

அடுப்படியிலிருந்து ஆத்தா குரல் கொடுத்தாள். "அந்த ஆள எங்கிட்டக் கேக்கச் சொல்லு. ஒத்த வார்த்தையில சொல்லிருவேன்."

நேர்காணல் ஐப்பசியில் நடந்தது. நானும் சென்னைக்குப் போய் வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். மதியம் தம்பி வந்து நடந்ததைச் சொன்னான். அதிகாரி தொழிற்சாலையைப் பற்றி நிறையக் கேட்டாராம். பிறகு பத்திரத்தைப் படித்துவிட்டு, இதில் எது சரி என்றாராம். ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லையாம்.

"என்னதான் சொன்ன?"

"எங்கம்மா சொல்றதுதான் சரி, அவங்கதான் அங்க இருந்தாங்கன்னு சொன்னேன். ஹெட்மாஸ்டர் இல்லைன்னும் சொன்னேன்."

அதிகாரி சிரித்துவிட்டு, இந்தப் பக்கத்தில் ஜூனில் பிறந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். விசாவில் மட்டும் பாஸ்போர்ட்டில் இருந்த தேதிதான் விழுந்தது.

தை பிறந்ததும் தம்பி கிளம்பினான். அந்த ஆண்டு ஜூன் மாதம் அவனிடமிருந்து வந்த கடிதத்தை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் தேதியன்று ஆபீஸில் உடன் வேலை பார்ப்பவர்கள் கேக் வாங்கி வந்து வெட்டினார்களாம்.

"யாருக்குப் பொறந்த நாளாம்?"

"இவனுக்குத்தான்."

ஆத்தா கொஞ்சம் யோசித்தாள். "பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்" என்றாள்.

மார்கழித் திருவாதிரையன்று அவளைக் குடுமியான்மலை சிவன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அவன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம்.