சேவலுக்குப் போடும் ஊசி

பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் சண்டைச்சேவல் வளர்க்கிறவர்களுக்கு எவாரிஸ்தோவைக் கேட்காமல் கை ஓடாது. முப்பது வருடமாகச் சேவல்களைத் தயார் செய்து களத்துக்கு அனுப்புகிறவர். எதற்கு எப்போது சோளம், எப்போது ஊசி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் உடம்பு மட்டும்தான் பிடிபடவில்லை.

முதல் மனைவி இறந்து பல வருடம் கழித்து, ஐம்பத்து மூன்றாம் வயதில் நெனிதாவைக் கட்டினார். அவளுக்கு முப்பத்தைந்து. ஒரு பிள்ளை வேண்டும் என்பதைத் தவிர அவள் எதுவும் கேட்கவில்லை. அவருக்கோ மத்தியானம் ஆனால் கண் சொக்கியது, தோள் தளர்ந்தது, ஆசை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வயதானால் இப்படித்தானா என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். அதற்கெல்லாம் ஆண்களுக்கு வாய் வருகிறதா என்ன? சண்டைக்கு முன் சேவலுக்குப் போடும் ஆண்மை ஊசியைத் தன் தொடையிலும் குத்திக்கொள்ள ஆரம்பித்தார்.

பலித்தது. கனமான கூண்டுகளை ஒற்றை ஆளாகத் தூக்கினார்.

"என்ன இஸ்தோ, இந்த வாட்டி உன்னையே களத்துல எறக்கிடலாம் போலிருக்கே" என்றார்கள் கூட்டாளிகள். அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை. குறை தன்னிடம்தான் என்று நெனிதா நம்பினாள். வயிறு பிடித்துவிடும் கிழவியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள், கசப்பு வேர்க் கஷாயம் குடித்தாள், மாதா கோயிலில் முழங்காலிட்டு நகர்ந்தாள். என் வீரியத்துக்கு என்ன குறை என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார், பாவி மனிதர்.

கடைசியில் அவள் அழுது கேட்டதற்காகப் பரிசோதனைக்குப் போனார்.

"விந்தணு ஒண்ணுகூட இல்லை ஐயா. ஏதாவது ஊசி போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டாள் டாக்டர்.

சேவல் ஊசியைச் சொன்னார்.

"வயசானா ஆண்மைச் சுரப்பு மெதுவாக் கொறையும். அப்பவும் மூளை உத்தரவு அனுப்பிக்கிட்டே இருக்கும், விதையும் முடிஞ்சவரைக்கும் வேலை செய்யும். நீங்க வெளியில இருந்து ஊத்தினதும், போதும்னு மூளை உத்தரவ நிறுத்திடுச்சு, விதையும் வேலைய விட்டுடுச்சு. ஊசி போடாம இருந்திருந்தா பிள்ளை பொறந்திருக்கலாம். சேவல்ல இதப் பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறார். பெட்டைகளோடு விடுகிற சேவலுக்கு ஊசி கூடாது, அத்தனையும் கூமுட்டையாகிவிடும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"நிறுத்திட்டா சரியாகுமா?"

"ஆகலாம். மாசக்கணக்காகும். உங்க வயசுல உறுதியாச் சொல்ல முடியாது."

வீட்டில் நெனிதா கஷாயக் கிண்ணத்தோடு இருந்தாள். அதை வாங்கி வாசலில் கொட்டினார்.

"கோளாறு உன்கிட்ட இல்ல நெனி. என்கிட்ட" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் காலிக் கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"உங்க பண்ணையில முட்டை பொரிக்கலைன்னா மொதல்ல எதப் பாப்பீங்க?"

"சேவலத்தான்" என்றார்.

கிழவி பிடித்துவிட்டுக் கன்றியிருந்த அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு நெனிதா உள்ளே போனாள்.