லோடு ஜாஸ்தி

அந்த ஒயர்த் துண்டை வெட்டி எடுத்த காலையில் குளத்தங்கரையில் விழாக்குழுத் தலைவர் இருந்தார், தெப்பல் கட்டுகிற மேஸ்திரி இருந்தார், வடம் இழுக்க வந்த ஆட்கள் இருந்தார்கள், நான் இருந்தேன். பாய் இல்லை. அந்தத் தெப்பலுக்கு வருஷா வருஷம் விளக்குப் போட்டவர் அவர்தான். நான் அவர் கடையில் சம்பளத்துக்கு இருந்தவன். ஒரு சாண் நீளம் இருக்கும் அந்த ஒயர். மேலுறை நசுங்கிக் கிழிந்து, உள்ளே இருந்த செம்பு கறுத்துப் போயிருந்தது. அதை முதலில் பார்த்திருக்க வேண்டியவர், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். வர வேண்டாம் என்று முந்தின நாள் ராத்திரி அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

திருவண்ணாமலையில் தெப்பல் என்றால் எல்லோருக்கும் பெரிய கோயில்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது எங்கள் தெருக் கோயிலின் சின்னத் தெப்பல். இரும்பு டிரம்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, அதன்மேல் மூங்கிலில் மண்டபம் எழுப்புவார்கள். கரையிலிருந்து கேபிள் வடத்தோடு சேர்ந்து தண்ணீருக்கு மேல் போகும். ப்யூஸ் போர்டு படிக்கட்டில் இருக்கும். மூன்று நாள் உற்சவம். எழுபதுகளின் கடைசியில் நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பாயிடம் சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து வந்து தள்ளுவண்டியில் வறுகடலை விற்றவர் என் அப்பா. பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். சர்ட்டிபிகேட்டைப் பாயிடம் இரண்டு கையாலும் நீட்டியது ஞாபகம் இருக்கிறது. அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜோரா இருக்குதுடா. இத மடிச்சு வெச்சிட்டு அந்த ஏணியப் புடி. நான் கீழ வுழலன்னா நீ பாஸு" என்றார். அன்றிலிருந்து என் பெயரே அவர் வாயில் 'ஐ.டி.ஐ.' ஆகிவிட்டது.

ஒயரை வெட்டியெடுத்த அந்த வருஷம், உற்சவத்தின் முதல் நாள், சாமி ஏறி, தெப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் விளக்கு ஒரு தரம் சிமிட்டியது. அடுத்த நொடி எல்லாம் அணைந்தது. ப்யூஸ் கட்டினோம், எரிந்தது, மறுபடியும் போனது. பாதித் தூரம் இருட்டிலேயே இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து சாமி இறங்கி, கூட வந்தவர்கள் எல்லாம் இறங்கிய பிறகு சுவிட்சைப் போட்டால், கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று எரிகிறது. மறுநாள் பகல் முழுக்க நானும் பாயும் வெறும் தெப்பலில் ஊர்ந்தோம். பல்புகளைக் கழற்றிவிட்டு, பேட்டரியையும் ஒரு மணியையும் ஒயரோடு சேர்த்துக் கட்டினோம். எங்காவது ஷார்ட் இருந்தால் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. "லோடு போட்டுப் பாத்தியாடா?" என்று பாய் கேட்டார். எல்லா பல்பையும் மாட்டி எரியவிட்டுக் காட்டினேன். ஒரு கோளாறும் இல்லை. டிரம்முக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரி தலையைத் தூக்காமலே, "லோடு ஏறினாதான் பாய் வம்பே. ஜாஸ்தியா கீது. கம்மி பண்ணச் சொல்லுங்க" என்றார். பாய் யோசித்தார். பாதி பல்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

இரண்டாம் நாளும் அணைந்தது. இந்த முறை குளத்தின் நட்டநடுவில். இருட்டில் கூட்டம் படியில் நெருக்கியடித்தது. குழந்தைகள் அழுதன. பாய் செருப்பைக் கழற்றிவிட்டு, "என்ன ஏத்திவுடுங்க தலைவரே, எங்க போவுதுன்னு கண்ணால பாத்தாதான் தெரியும்" என்றார். முடியாது என்றார்கள். சாமி ஏறிய பிறகு விளக்குக்காரன் எவனும் தெப்பலில் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே பழைய வழக்கம்தான். எனக்கும் சேர்த்துத்தான் அந்த வழக்கம். ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி பேசப்பட்டது. "பாய் கை வெச்சது சாமிக்கு ஆவல போலக்கீது" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவ்வளவு வருஷமும் பாயின் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடித்த தலைவர் திரும்பி அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூட்டம் கலைந்ததும், "நாளைக்கு நீங்க வர வேணாம் பாய். பையன மட்டும் அனுப்புங்க. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார். பாய், "சரிங்க தலைவரே" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். கூட்டத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதையும் அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

மூன்றாம் நாள் காலையில் நான் தனியாகப் போய் மணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார்.

"எத்தினி வாட்டிடா சொல்றது? லோடு ஜாஸ்தின்னு சொன்னனா இல்லியா?"

"பாதி பல்ப கழட்டியாச்சே மேஸ்திரி."

"பல்ப எவன்டா சொன்னான்? ஆளுடா, ஆளு! எப்பவும் அய்யரும் மேளக்காரங்களும் போவாங்க. இந்த வருசம் தலைவரு மச்சான், மாமன், நன்கொட குடுத்தவன் வூட்டுப் பொம்பளைங்க, எல்லாத்தையும் ஏத்தி உக்கார வெச்சா தெப்பல் முங்காம என்னா பண்ணும்?"

எங்களுக்கு லோடு என்றால் பல்பு. அவருக்கு லோடு என்றால் பாரம். அந்த ஒரு சொல்லை இரண்டு தொழில்காரர்கள் இரண்டாகப் புரிந்துகொண்டதில் ஒரு மனிதரின் பெயர் ஊரில் கெட்டுப்போயிருந்தது. வடம் இழுக்கிற ஆட்களைக் கெஞ்சி ஒவ்வொருவராகத் தெப்பலில் ஏறச் சொன்னேன். தலைவர், "இன்னாடா வெளயாட்டு இது?" என்று கத்தினார். கடைசி ஆட்கள் ஏறியபோது பலகை வளைந்து, அடியில் ஓடிய ஒயரை நசுக்கிக்கொண்டு டிரம்மின் இரும்புப் பட்டையில் உட்கார்ந்தது. மணி அடித்தது. இறங்கச் சொன்னேன், நின்றது. ஏறச் சொன்னேன், அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பலகையைப் பெயர்த்து, நசுங்கிய இடத்தை வெட்டியெடுத்து, புது ஒயரை ரப்பர் குழாய்க்குள் விட்டுத் தள்ளிக் கட்டினேன். ஆள் பாரத்தால் வந்த கோளாறு என்று தலைவரிடம் அங்கேயே சொன்னேன். "சாமிகூட வர்றவங்கள எண்ணக் கூடாதுடா" என்றார்.

அன்று இரவு அத்தனை பேரும் ஏறினார்கள். ஒரு பல்புகூட இமைக்கவில்லை. தலைவர் மைக்கைப் பிடித்து, "நம்ம பையன், நம்ம தெருப் பையன், படிச்ச பையன், ஒரே காலையில கண்டுபுடிச்சிட்டான்" என்றார். அதுவரை அவருக்கு நான் 'கடலைக்காரன் மவன்'. பக்கத்தில் போய், பாய் பெயரையும் சொல்லுங்கள் என்றேன். மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "சொல்லலாம், சொல்லலாம்" என்றார். அந்த மைக் செட்டும் பாயுடையதுதான். அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக் கட்டியிருந்தது. 'நம்ம பையன்' என்பதைப் பாய் கடைக்குள் இருந்து கேட்டிருப்பார்.

ஒயர்த் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். விரலால் தடவிப் பார்த்தவர், "லோடு!" என்று சொல்லி, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். பிறகு அதை ஆணியில் மாட்டினார். அடுத்த வருஷம் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடப் போவதில்லை என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. உற்சவம் நெருங்கும்வரை அவர் தெப்பலுக்கென்று பல்புகளுக்குப் பச்சையும் மஞ்சளுமாகச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். குளத்துப் பக்கமிருந்து வேறு யாருடைய மைக்கோ கேட்ட அன்று, டப்பாவை மூடி வைத்துவிட்டார். பிறகு கோயில் வேலை எதற்கும் அவர் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கடையைக் காலி செய்துவிட்டு வேலூரில் மகள் வீட்டுக்குப் போனார். புறப்படும்போது ஆணியிலிருந்து ஒயரை எடுத்து என் சட்டைப் பையில் செருகி, "இந்தாடா ஐ.டி.ஐ., இதுதான் உன் சர்ட்டிபிகேட்டு. மடிச்சு வெச்சிக்க" என்றார்.

இப்போது எனக்கு அரசாங்க வேலை. ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட் அலுவலகப் பைலில் எங்கோ கிடக்கிறது. ஒயர் என் மேஜை மேல் இருக்கிறது. தெப்பல் இன்றும் போகிறது. ரப்பர் குழாய் போட்ட இடத்தில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள். சைக்கிள் கடையில் நான் வாங்கிய குழாய் அது. சாமி காரியத்தில் யாருக்கும் பாக்கி வைக்கக் கூடாது என்று தலைவர் அன்றைக்கே மடியை அவிழ்த்துக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டார். விழாக்குழுவுக்கு அந்தக் கோளாறால் ஆன செலவு, எல்லாம் சேர்த்து, முக்கால் ரூபாய்.