தெல்மா மச்சாது குயில் அல்ல

காலை ஒன்பது மணி இருக்கும். துறைமுக வாசலில் நின்று கன்டெய்னர் லாரிகளின் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. தலையில் முக்காடு, கூப்பிய கைகள், தாழ்ந்த பார்வை. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி. கீழே, "ஆலயப் பாடகியும் நம் பகுதியின் இன்னிசைக் குயிலுமான செல்வி தெல்மா மச்சாது இன்று அதிகாலை இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதியிருந்தார்கள். படத்தில் இருந்தது யாரென்று எனக்குத் தெரியவில்லை. பெயரை இரண்டாம் முறை வாசித்த பிறகுதான் புரிந்தது, இறந்திருப்பது எங்கள் தெல்மாக்கா என்று. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். இதை எழுதும் இந்த நிமிடம் வரை அது இறங்கவில்லை.

நான் ஜெபசிங். சாத்தான்குளத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மகன். பிழைப்புக்குக் கப்பல் சரக்கு ஏஜென்சியில் குமாஸ்தா. ஆனால் நாற்பது வருடம் தெல்மாக்காவுக்கு டிரம்ஸ் வாசித்தவன் என்பதுதான் நான் யாரென்று கேட்டால் சொல்ல விரும்பும் பதில். அவரை அறிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர் பாட்டைக் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு போனவர்களும் அதில் அடக்கம். உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆலயப் பாடகி என்று போட்டிருந்தார்களே, அந்தக் கதையை அக்காவே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆலயப் பாடகர் குழுவான கொயரில் அவர் இருந்தது எட்டே மாதம். ஒருநாள் பயிற்சியின் நடுவில் பாடல் மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, "ஏளா, ஒன் ஒருத்தி சத்தத்துல மத்த பதினாறு பேரையும் காணலியே. ஒண்ணு கொரல கொற, இல்ல வீட்டுக்குப் போ" என்றாராம். "நான் வீட்டுக்கு வந்துட்டேன்" என்பார் அக்கா. அதோடு கதை முடிந்துவிடும். அந்த எட்டு மாதத்தில் எடுத்த படத்தைத்தான் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பிறகு நாற்பது வருடம் மேடையில் நின்றாரே, அதில் ஒரு படம்கூடவா கிடைக்கவில்லை?

அவருடைய அப்பா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டியவர். வரும்போது சோப்பு, சேலை, துணி இவற்றோடு இங்கிலீஷ் பாட்டு கேசட்டுகளும் கொண்டுவருவார். பெரும்பாலானவற்றில் அட்டையே இருக்காது. பாடுவது யார், எந்த நாட்டுக்காரன், ஒன்றும் தெரியாமல் அக்கா அவற்றைக் கேட்டார். இடி மாதிரி கிட்டாரும் அதற்கு மேலே ஏறி நிற்கும் குரலும் அவருக்குப் பிடித்துவிட்டன. வார்த்தை புரியாத இடங்களில் தானே தமிழ் வார்த்தைகளைப் போட்டுப் பாடினார். ஹார்ட் ராக் என்ற பெயரே பிற்பாடுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

பகலில் அவர் ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். அந்தக் குரலைக் கேட்டவர்கள் எல்லாம் "சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அக்கா திருத்தவே மாட்டார். "சார்னு கூப்பிட்டாத்தான் மரியாதையா பேசுதானுவ. இருந்துட்டுப் போட்டும்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஐஸ் கம்பெனியில் எங்களுக்கு ரிகர்சல். கிட்டாருக்கு வில்சன், டிரம்ஸுக்கு நான், பேஸ் கிட்டாருக்கு அவ்வப்போது யாராவது. ஐஸ் கம்பெனி இயந்திரத்தின் இரைச்சலில் எங்கள் சத்தம் வெளியே தெரியாது என்று நினைத்து அந்த இடத்தைப் பிடித்தோம். மூன்றாவது வாரம் ஐஸ் கம்பெனி மேஸ்திரி வந்து, "ஒங்க சத்தத்துல மோட்டார் ஓடுதா நிக்கான்னே தெரியல" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு அதற்குப் பின் கிடைத்ததில்லை.

ஒருமுறை சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. சினிமாப் பாட்டு. அக்கா லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் ஒத்திகை பார்த்துப் பாடிக் கொடுத்தார். நானும் வில்சனும் துணைக்குப் போயிருந்தோம். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இசையமைப்பாளர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு வெளியே வந்து, "அற்புதம்மா. இதையே கொஞ்சம் மென்மையா, பெண்மையா, ஒரு குயில் மாதிரி பாடிக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார். அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "குயில் வேணும்னா மரத்துல தேடுங்க சார். என்ன ஏன் பஸ் ஏத்தி வர வச்சீங்க?" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பாட்டு வேறொருவர் குரலில் வெளிவந்தது. மறுநாள் வழக்கம்போல் டெலிபோன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அப்படிப்பட்டவரைத்தான் குயில் என்று போட்டுச் சாவு அறிவித்தார்கள்.

இனி எழுதப்போவது பலருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது, ஏனென்றால் இதில் நானும் இருக்கிறேன்.

அக்காவின் தம்பி ரீகன் சங்கு குளிக்கப் போய்வந்தவர். இப்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு முங்குவதில்லை. படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து ஒரு குழாய் கீழே போகும், அதை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் நடப்பார்கள். ஏதாவது ஆபத்து என்றால் இடுப்புக் கயிற்றை இழுக்க வேண்டும். மேலே இருப்பவர் தூக்கிவிடுவார். அந்தக் கம்ப்ரசர் நின்று நின்று ஓடுகிறது என்று ரீகன் மூன்று முறை படகு முதலாளியிடம் சொல்லியிருந்தார். நான்காவது முறை சொல்வதற்கு அவர் இல்லை. கம்ப்ரசர் கடைசியாக நின்றுபோன அன்றைக்கு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய ஆளையும் முதலாளி வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார். ரீகனின் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்போது ஏழு மாதம். கடலுக்குப் போனவன் கடலில் போனான், அவ்வளவுதான் என்று ஊர் பேசி முடித்துவிட்டது.

அக்கா பேசி முடிக்கவில்லை. ஒரு பாட்டு எழுதினார். ரீகனே பாடுவதுபோல எழுதிய பாட்டு. "கீழருந்து இழுக்கேன், மேல எவன் இருக்கான்?" இந்த ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி ஏறும். கடைசியில் இசை நிற்கும், அக்கா அந்தப் படகு முதலாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெயரை இங்கேயும் எழுதியிருந்தேன். இந்த இதழின் ஆசிரியர் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். அக்கா எடுத்திருக்கமாட்டார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஆலயத் திருவிழாவின் எட்டாம் நாள் மாலை, எங்கள் கச்சேரி. விழாக்கமிட்டிச் செயலாளர் முன்னாலேயே வந்து, "அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்மா. பந்தல் செலவு பூரா அந்த மொதலாளி அவுகதான்" என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். செயலாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு அக்காவைத் தெரியும். வில்சன் என்னைப் பார்த்தான். நான் குச்சிகளைப் பார்த்தேன்.

ஐந்தாவது பாட்டாக அதைத் தொடங்கினார். மூன்றாம் தடவை "மேல எவன் இருக்கான்" என்று ஏறும்போது செயலாளர் சவுண்டுக்காரரிடம் ஓடுவது தெரிந்தது. அடுத்த நொடி மேடையில் மின்சாரம் போனது. மைக் செத்தது. வில்சனின் கிட்டாரும் பேஸும் செத்தன. டிரம்ஸுக்கு மின்சாரம் தேவையில்லை. அந்த மேடையில் தொடர்ந்து வாசிக்க முடிந்தவன் நான் ஒருத்தன்தான்.

நான் நிறுத்திவிட்டேன்.

முன் வரிசையில் என் முதலாளி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்தப் படகு முதலாளி. எங்கள் ஏஜென்சிக்கு லாரிகள் விடுவதும் அவர்தான். என் மகளுக்கு அப்போது கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இதையெல்லாம் அந்த நொடியில் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாக நின்றது. காரணங்கள் பிறகு வந்து சேர்ந்துகொண்டன.

அக்கா நிறுத்தவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்தார். தாளம் இல்லாமல், கிட்டார் இல்லாமல், வெறும் தொண்டையில் பாடினார். பந்தலுக்குப் பின்னால் சாமான் கடைகளில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். பாட்டின் முடிவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டவருக்கும் அந்த ஆளுக்கும் நடுவே பத்தடி தூரம். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். என் முதலாளி பின்னாலேயே போனார்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த மேடையிலும் அக்காவுக்கு இடமில்லை. யாரும் தடை என்று சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பெங்களூரிலும் கொச்சியிலும் அவரைப் பாட அழைத்தார்கள். அவர் பேத்தி வயதுப் பிள்ளைகள் அவரோடு சேர்ந்து தலையை ஆட்டி ஆடினார்கள். சொந்த ஊரில் இருந்து ரயிலேறிப் போய்ப் பாடிவிட்டுச் சொந்த ஊருக்கு ரயிலேறி வந்தார், பன்னிரண்டு வருடம்.

அந்தத் திருவிழா முடிந்த வாரம் அலுவலகத்துக்கு எனக்கு ஒரு போன். எடுத்தவுடன், "ஏலே ஜெபா" என்றார் அக்கா. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் சொல்லாத. நான் கோவமாத்தான் இருக்கேன். அது போவாது. அதுக்காவ டிரம்ஸ் இல்லாம பாட முடியுமால? ஞாயித்துக்கெழம வா."

போனேன். அதற்குப் பிறகு அவர் பாடிய ஒவ்வொரு ஊருக்கும் போனேன். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அவரை இரக்கமுள்ள மாதா என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். கோபத்தையும் வைத்துக்கொண்டு, ஆளையும் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர்.

மாரடைப்பு, அறுபத்தாறு வயது. காலையில் பால் காய்ச்சும்போது விழுந்தார் என்று ஸ்டெல்லா சொன்னாள். ஏழாம் நாள் மண்டபத்தில் இரங்கல் கூட்டம். மேடையில் அதே பழைய செயலாளர், இப்போது தலைவர். "அமைதியே உருவான நம் சகோதரி, அதிர்ந்து பேசாத அந்தக் குரல்" என்று தொடங்கினார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கல்லறைக் கல்லைக் கமிட்டியே வைக்கும், அதில் 'இன்னிசைக் குயில்' என்று பொறிக்கப்படும் என்று அறிவித்தார்.

நான் எழுந்து நின்றேன். எழுந்தது எனக்கே ஆச்சரியம். "அண்ணாச்சி, அந்த அதிராத குரலுக்குக் கரண்ட ஏன் புடுங்குனீங்க?" என்று கேட்டேன்.

"ஜெபசிங், இது துக்க வீடு" என்றார்.

"தெரியும். அன்னைக்கும் துக்கந்தான் பாடுனாவ. நீங்க வயரப் புடுங்குனீங்க, நான் குச்சிய நிறுத்துனேன். ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சோம். அத மொதல்ல சொல்லிட்டு அப்புறம் குயிலப் பத்திப் பேசுவோம்."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். யாரோ, "குடிச்சிருக்கான்" என்றார்கள். நான் குடிப்பதில்லை. அப்போது பெண்கள் பக்கம் இருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை. "அவரு பேசட்டும். எங்க வீட்டுச் சாவு. கல்லு நாங்க வச்சுக்கிடுதோம். ஒங்க கல்லு வேண்டாம்." ரீகனைப் பார்த்தே இராத அவருடைய மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது. மறுநாள் என் முதலாளி என்னோடு பேசவில்லை. இன்னும் ஒரு வருடத்தில் எனக்கு ஓய்வு. பேசாமலே முடித்துக்கொள்ளலாம்.

கல் சென்ற வாரம் வைத்தாயிற்று. கல் வெட்டுகிறவர் வாசகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ராக் பாடகின்னா என்னண்ணாச்சி, ராகப் பாடகியா? எழுத்து விட்டுப்போச்சா?" என்று கேட்டார். ஒன்றும் விட்டுப்போகவில்லை, அப்படியே வெட்டுங்கள் என்று ஸ்டெல்லா சொன்னாள். தெல்மா மச்சாது, ஹார்ட் ராக் பாடகி. கல்லில் அவ்வளவுதான் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

உங்களில் பலரிடம் அவருடைய படங்கள் இருக்கும். எல்லாம் முன்னாலிருந்து எடுத்தவை. டிரம்ஸ்காரன் இடம் பாடகருக்குப் பின்னால். நாற்பது வருடம் மேடையில் நான் பார்த்தது அவர் முதுகை மட்டும்தான். வியர்வையில் நனைந்து ஒட்டியிருக்கும் சட்டை, உச்சத்துக்குப் போகுமுன் மேலேறும் தோள்கள், ஊன்றிய இடது கால். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த முதுகைத்தான். அன்றைக்குத் தாளம் நின்றபோது அது ஒரே ஒரு கணம் அசையாமல் இருந்தது. ஏன் நிறுத்தினான் என்று பார்க்கக்கூடத் திரும்பவில்லை. பிறகு முன்னால் நடந்து போனது.