கேட்டுப் போட்ட சோறு

எங்கள் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் மன்றம் என்று ஒன்று இருந்தது. வருடத்துக்கு ஒரு வேப்பங்கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்வோம். அடுத்த வருடமும் அதே குழிதான். தண்ணீர் ஊற்றத்தான் ஆள் கிடையாது. தொண்ணூற்றாறில் விலங்கியல் துறைக்கு வந்த கிளாடிஸ் மேடம் கையில் எடுத்த பிறகுதான் மன்றத்துக்கு உயிர் வந்தது. கன்றைப் பார்க்காமல் நேரே விடுதிச் சமையல்கட்டின் பின்பக்கம் போய் நின்றார். அங்கே டிரம் டிரம்மாக எச்சில் சோறு. சாக்கடை அடைத்து, நாற்றம் எங்கள் கணிதத் துறை வரைக்கும் வரும். நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்திய புத்திசாலிகள்.

அந்தச் சோற்றைப் பரிமாறியவர் அழகிரிசாமி. பல்லடம் பக்கம் விவசாயம் பார்த்த காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. கிணறு வற்றிப்போய் மெஸ் வேலைக்கு வந்தவர். விடுதியிலேயே ஒரு அறை. தீபாவளியும் அங்கேதான், பொங்கலும் அங்கேதான். லீவில் எல்லோரும் ஊருக்குப் போனபின் யாரும் உட்காராத மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

"வாங்க கண்ணு, சாப்புடுங்க" என்று சொல்லித் தட்டில் குவித்துவிடுவார். பையன் கையால் மறைத்தால் விரலிடுக்கில் சோறு விழும். நம் பக்கத்துப் பையன்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. "போதுமுங்க" என்று முனகிவிட்டு, பாதியைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

"அண்ணா, எவ்வளவு வேணும்னு கேட்டுப் போடுங்க. கொட்டறது தானா குறையும்" என்றார் மேடம். நானும் பக்கத்தில் இருந்தேன்.

அழகிரிசாமியின் முகம் சுண்டிவிட்டது. "ஏனுங்க மேடம், சோத்தைக் கேட்டுப் போடறதுங்களா? வேண்டாமுன்னு சொல்லிரட்டும்னு கேக்கறாப்பல ஆயிருமுங்க. வேற எந்த வேலை சொன்னாலும் செஞ்சுபோடறனுங்க."

இது வெறும் பிடிவாதம் இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் 'சாப்பிடுங்க' என்று சொல்ல வேண்டும். 'சாப்பிடறீங்களா' என்று கேட்டால் போய் வா என்று அர்த்தம். அந்த ஒரு 'ளா'வில்தான் அவர் குடும்பம் போயிருந்தது. தலைகுனிந்தபடி அன்றைக்கு அவரே சொன்னார். கலியாணமான புதிதில், தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவி முத்தாத்தாளைக் கூட்டிவர உடுமலைப்பேட்டைக்குப் போயிருக்கிறார். மச்சான் வாசலில் நின்று, "சாப்புடறீங்களா மாப்பள?" என்றாராம். "இல்லீங்க, வாரனுங்க" என்று வந்த காலோடு திரும்பிவிட்டார். அவர்கள் வந்து அழைக்கட்டும் என்று இவரும், இவர் வந்து கூப்பிடட்டும் என்று அவர்களும் இருந்ததில் இருபது வருடம் ஓடிப்போயிற்று. அட, வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

மேடம் புத்தி சொல்லவில்லை. "நீங்க கேக்க வேண்டாம், நான் கேக்கறேன்" என்று பந்தியில் வந்து நின்றார். மேடம் கேட்க, இவர் போட என்று சில நாள் நடந்தது. மேடம் வராத ஒரு மத்தியானம் அவரே வாயைத் திறந்தார். "எத்தனை போடட்டுங் கண்ணு?"

கேட்டால் பையன் எழுந்து போய்விடுவான் என்றுதான் பயந்திருக்கிறார். சுரேந்தர் என்ற பையன், "அரைக் கரண்டி போதுமுங்கண்ணா, காய்ச்சலடிக்குது" என்றான். இன்னொருவன், அக்கா கலியாணம் நின்றுபோனதில் சோறு இறங்கவில்லை என்றான். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் வாங்கிப்போனவர்கள், கேட்டதும் பேசினார்கள். அவருக்கு அது பெரிய ஆச்சரியம். கொஞ்ச நாளில் அத்தனை டிரம்களும் போய் ஒரே ஒரு டிரம் என்று ஆனது. அதுவும் எருக்குழிக்குப் போனது. நாங்கள் ஜன்னலைத் திறந்துகொண்டோம்.

அந்தப் பொங்கலுக்கு அவர் மேஜை துடைக்கவில்லை. சலவை வேட்டி கட்டிக்கொண்டு உடுமலைக்குப் பஸ் ஏறினார். "கேட்டா ஒண்ணும் கொறஞ்சு போயறதில்லீங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்று பொழுது சாயும்போதே திரும்பிவிட்டார். தனியாகத்தான் வந்தார். நடந்ததைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மச்சான் இறந்துபோயிருந்தார். அந்த மச்சானின் பிள்ளைகளை முத்தாத்தாள்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுளிக்காமல் இலை போட்டுப் பரிமாறினாள். கை கழுவிவிட்டு இவர் கேட்டிருக்கிறார்: "நீ எங்கூட வாரயா அம்மணி?"

அவள் சொம்பை வாங்கிக்கொண்டாளாம். "அன்னிக்கு நான் துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுப்போட்டு ஊட்டுக்குள்ள நின்னுட்டிருந்தனுங்க. எங்கண்ணன் கேட்டது பொறுக்காம நீங்க போயிட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்களே."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள்தான் ஞாபகப்படுத்தினாளாம்.