புளி போட்டுத் தேய்த்த நான்கு தகடுகள்

என் புருஷன் இராசலிங்கம் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. உக்குவளை ஸ்டேஷனில் காலைக் கோச்சி ஏறி, கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போய்க் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற வேலை. எழுபத்து நாலில் சேர்ந்தார். எண்பத்து மூன்று கலவரத்தில், மாத்தளையில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்த வாரம் மட்டும் போகவில்லை. கழுவிக் கழுவியே உள்ளே நடக்கிற வேலையையும் கற்றுக்கொண்டார். படித்த பிள்ளைகளுக்குக் கை நடுங்குகிற வேலையெல்லாம் இவர் கைக்கு வந்தது. பதவி மட்டும் கழுவுகிறவனாகவே இருந்தது. அதை நான் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

இரண்டாயிரத்து ஏழில் அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. செம்பு வளர்க்கிற பைத்தியம்.

கண்ணாடிப் பாத்திரத்தில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர். அதற்குள் சின்னதாக ஒரு செம்புத் தகடு. தகட்டின் மேல் அப்பளத்தைவிட மெல்லிய வெள்ளை வில்லை. வில்லை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். மோட்டார் சைக்கிள் பெட்டரியிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் கரண்ட் விட்டால், தண்ணீரில் இருக்கிற செம்பு அந்த ஓட்டைகளுக்குள் அடியிலிருந்து நிரம்பி வரும். பிறகு காரத் தண்ணீரில் வில்லையைக் கரைத்துவிட்டால், செம்பு மயிர்கள் மட்டும் தகட்டில் காடு மாதிரி நிற்கும். அந்தக் காட்டுக்குள் போன வெளிச்சம் திரும்பி வராது. அதனால் தகடு மின்னாது, கறுப்பாகத்தான் தெரியும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது அவர் சொன்னதை நான் காதில் போட்டதில்லை.

ஆய்வுகூடத்தை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். கரண்டோ நிறுத்தாமல் போகவேண்டும். வீட்டில் வைத்துச் செய் என்று அங்கிருந்த பேராசிரியர் வாயால் சொல்லிவிட்டு வெளிநாடு போய்விட்டார். கையில் ஒரு துண்டுக் கடிதம் இல்லை.

“தமிழன் வீட்டுல பெட்டரி, வயர், அசிட். குண்டு செய்றான்னு சொல்ல மாட்டாங்களா? ஒங்களுக்கு மூள இருக்கா?” என்று கேட்டேன்.

“செம்புல மயிரு வளக்கிறேன், புள்ள.”

“மண்டையில வளக்க வக்கில்ல. தகட்டுல வளக்கப் போறாராம்!”

வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். கோபமே வராத மனுஷன். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஏழெட்டு மாதம் ஒன்றும் சரியாகவில்லை. “இன்னைக்கும் சரியா வரல,” என்று தினமும் ஒரே பாட்டு. ஒரு வியாழக்கிழமை மட்டும் அந்தப் பாட்டு இல்லை. நான்கு தகடுகளை அடுப்படித் தட்டில் வைத்து, பிஸ்கட் டின் மூடியால் மூடிவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு படுத்தார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளி. விளக்குத் தேய்க்கிற நாள். அவர் வேலைக்குப் போனபின் மூடியைத் தூக்கினேன். நான்கும் தோசைக்கல் அடி மாதிரிக் கரிந்து கிடந்தன. பாவம், இதையும் கருக்கிவிட்டார், சுத்தம் பண்ணி வைத்தால் மறுபடி செய்வார் என்று நினைத்தேன். குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்தேன். பளபள என்று வந்தன. துடைத்து, பழையபடி மூடி வைத்தேன்.

பின்னேரம் அவர் வந்து சட்டையைக் கழற்றுமுன் பக்கத்து வீட்டு ஸுபைதா ஓடி வந்தாள்.

“மீனாக்கா, ஆமி செக்கிங்! பெட்டரி வச்சிருக்கிற தமிழாள் வீடு எதுன்னு கேட்டுக்கிட்டு வாறாங்க!”

“அந்தச் சனியன எங்கயாச்சும் ஒளிங்க!” என்றேன்.

“ஒளிச்சாத்தான் சந்தேகம். அந்தக் கறுப்புத் தகட்டக் காட்டினா முடிஞ்சுது,” என்றார்.

கறுப்புத் தகடு. நான் அடுப்படித் தட்டைப் பார்த்தேன். வாயைத் திறக்குமுன் வாசலில் பூட்ஸ் சத்தம்.

வந்த பட்டாளத்தில் பெரியவன் கெட்டவன் இல்லை. சிங்களத்தில் இவர் சொன்னதை முழுக்கக் கேட்டான். “என் மகனும் சயன்ஸ்தான் படிக்கிறான். வெளிச்சம் அடிச்சாலும் மின்னாதுன்னு சொல்றியே, அதக் காட்டு. கறுப்பா இருந்தா நாங்க போயிடுறோம்,” என்று அவன் பாஷையில் சொன்னான். எனக்கு எழுத்துத் தெரியாது, சிங்களம் நன்றாகத் தெரியும்.

இவர் மூடியைத் தூக்கினார். அவன் டோர்ச் அடித்தான். கூரையில் நான்கு வெளிச்ச வட்டங்கள் ஆடின.

இவர் தகடுகளைப் பார்த்தார். மூலையில் மின்னிய குத்துவிளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஒரு சொல் போதும். நான்தான் தேய்ச்சேன். ஊரையே திட்டித் தீர்த்த வாய், அந்த ஒரு சொல்லுக்குத் திறக்கவில்லை. தடயத்தை அழித்தவள் என்று என்னையும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். உண்மையைச் சொல்கிறேன், என் தோலைத்தான் நினைத்தேன். அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“சரியா வரல, சேர்,” என்றார். அவ்வளவுதான்.

பெட்டரி, வயர், தகடு, புருஷன் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். பேராசிரியர் திரும்பி வந்து கடிதம் கொடுத்தும் பத்தொன்பது மாதம் விடவில்லை. வடக்கே சண்டை முடிந்தபிறகுதான் விட்டார்கள். இரண்டு கையும் நடுங்க, தேத்தண்ணீரைச் சிந்தாமல் குடிக்க முடியாத மனுஷனாக வந்தார்.

“என்ன ஏசுங்க. நாலு அறை அறைங்க,” என்று காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

“நல்லாத்தான் தேய்ச்சிருந்த, புள்ள,” என்றார். அந்த மார்கழியில் கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகு நான் விளக்குத் தேய்ப்பதில்லை. கறுத்துப்போய்க் கிடக்கிறது. “வீட்டுல வெளக்க இப்பிடியா வைப்பாங்க?” என்று ஸுபைதாகூடத் திட்டுகிறாள். கிடக்கட்டும். மின்னுகிற சாமான் ஒன்றும் இந்த வீட்டில் வைப்பதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரக் கோச்சி கூவும்போது கூரையில் நான்கு வட்டங்கள் வந்து ஆடுகின்றன. அவர் வாசலில் நின்று என்னையே பார்க்கிறார். நான் எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, சிங்களத்தில் சொல்கிறேன்:

“நான்தான் தேய்ச்சேன், சேர்.”