தழை நீங்கிய கூடு

இன்று காலை மின்கம்பிக்கு இடையூறாயிருந்த வேப்பங்கிளைகளைத் தெருவில் வெட்டியபோது எழுந்த பச்சைக் கசப்பு மணம், சங்கரன்கோவிலில் பின்னாளில் வீட்டுமனைகளாகிவிட்ட குளத்தங்கரைக்கு என்னை இழுத்துச் சென்றது. அங்கே ஞாயிறுதோறும் விடியலில் எங்கள் பறவை நோக்கர் மன்றத்தார் கூடுவோம். நாணலின் சலசலப்பும் தொலைவில் தறிகளின் ஓசையும் கேட்டிருக்க, எக்கூட்டிலிருந்தும் பத்தடி விலகியே நிற்க வேண்டுமென்ற விதியைச் செயலாளர் அண்ணாச்சி வாரந்தோறும் உரக்க வாசிப்பார். அவ்விதியை நம்பியே, பத்து வயதுச் சிறுமியாயிருந்த நான், வேம்பில் குஞ்சுகளோடு கண்ட கொண்டைக்குருவிக் கூட்டை அவருக்கு மட்டும் காட்டினேன். மறுநாள் மாலை சென்றபோது, கூட்டை மறைத்திருந்த தழை முழுதும் வெட்டப்பட்டுக் கிடந்தது. கூட்டில் குஞ்சுகள் இல்லை. அண்ணாச்சி கேமராவை உறையிலிட்டுக்கொண்டிருந்தார்.

"தழைய ஏன் வெட்டுனீங்க அண்ணாச்சி?"

"வெட்டலன்னா படம் இருட்டால்லா விழும்! காக்கா தூக்கிட்டுப் போனதுக்கு நான் என்னட்டி செய்ய? படம் கழுவி வரட்டும், நீயே சொக்கிப் போயிருவ."

படம் மன்றத்துச் சுவரில் பெரிதாகத் தொங்கியது. வாய் பிளந்த மூன்று குஞ்சுகளுக்குக் கீழே, 'கூட்டைக் காட்டியவர்' என்று என் பெயரை அழகிய எழுத்தில் எழுதியிருந்தார்.