நாமக்கல்லில் ஒரு லாரிக் கதவு

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை எட்டரைக்கு நாமக்கல் வண்டி ஏறினோம். ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். உடன் வந்த கதிரேசன் கல்லூரியில் தத்துவம் கற்பிப்பவர். வரலாற்றைச் சிதைவுகளில்தான் படிக்க முடியும் என்பது அவர் வாதம். முழுதாக இருக்கும் பொருள் தன்னை மட்டுமே காட்டும். உடைந்த பொருளோ இழந்த எல்லாவற்றுக்கும் உருவகமாகிவிடும். அந்தத் துயரப் பார்வை பற்றிய உரைக்கு அவருக்குப் படங்கள் வேண்டியிருந்தன. ராசிபுரம் பிரிவு வரை இதையே பேசிவந்தார்.

விபத்தில் சிதைந்த லாரிகளுக்கும் பாடி கட்டும் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி. மேற்கூடு இல்லாமல் வெறும் சேஸிஸாக நின்ற ஒரு வண்டியின் முன் கதிரேசன் வெகுநேரம் நின்றார். பட்டறைக்காரர் சிரித்துவிட்டார்.

"எழவு ஊட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்களே சார். இது புது வண்டிங்க. இனித்தான் பாடி கட்டோணும்."

சிதைந்ததும் கட்டி முடியாததும் எட்ட நின்று பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

அடுத்த வண்டி, அருகில் நின்றிருந்த செல்வியுடையது. அதை ஓட்டிவந்த அவர் கணவர் விபத்தில் இறந்துவிட்டார். கேபின், பாடி எல்லாம் புதிதாகக் கட்டியாயிற்று. நசுங்காமல் தப்பியிருந்த பழைய கதவை, ஓட்டுநர் பக்கத்துக் கதவை மட்டும் மாற்றக் கூடாது என்று செல்வி சொல்லியிருந்தார். கணவரின் முழங்கை பட்டுப் பட்டு ஜன்னல் விளிம்பில் பெயிண்ட் போயிருந்தது. கதிரேசன் அதைப் படமெடுத்தார்.

வண்டியை ஓட்டச் சம்மதித்திருந்தவர் தங்கவேல், இறந்தவரின் கூட்டாளி. கதவைக் கண்டதும் ஏறாமல் நின்றுவிட்டார்.

"அந்தக் கதவோட என்னால ஓட்ட முடியாது அம்மிணி. கை வெக்கிற எடமெல்லாம் அவன் கை."

விபத்து வண்டி என்று ஊருக்கே தெரியும், இவரும் போனால் வேறு ஆள் கிடைக்காது என்று பட்டறைக்காரர் மெல்லச் சொன்னார். செல்விக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான். கதவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று பட்டறைக்காரர் கேட்டதற்கு, செல்வி கூடாது என்றார். பிறகு கதிரேசன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சார், இதுல என்னமோ இருக்குதுன்னுதானே படம் புடிச்சீங்க. உங்க ஊட்டுல ஒரு ஓரமா வெச்சுக்கறீங்களா? எனக்கு வண்டி ஓடோணும்."

கதிரேசன் சரிங்க என்றார்.

புதுக் கதவு மாட்டி முடிய மாலையாகிவிட்டது. தங்கவேல் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துப் பார்த்தார். செல்வி அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் பழைய கதவைத் தூக்கிப் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சேலம் பேருந்தின் பின்படி வழியாக அதை ஏற்றினோம். நடத்துநர் வந்து என்ன இது என்று கேட்டார். காலையில் என்றால் கதிரேசன் அதற்கு எத்தனையோ பொருள் சொல்லியிருப்பார். இப்போது கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரோட லாரிக் கதவுங்க" என்றார்.